ஒருசாலை மாணாக்கரும் கூதிர்க் காலமும்

அகத்திணை ஆராய்ச்சியில் காதற்பொருளுக்கு நாம் அளித்துள்ள இடம் பெரிது. நட்புக்கு அளித்துள்ள இடம் மிகச் சிறிது. நட்பினுள்ளும், ஒரு பள்ளியில் ஒருங்கிருந்து பயின்றோர் பின்னாளில் ஊரும் தொழிலும் வேறாய்ப் பிரிந்து, மீண்டும் கூடும்போது கொள்ளும் உறவைத் தனியே எடுத்து ஆராய்ந்தோர் அரியர். பழைய மாணாக்கர் கூடிப் பேசும் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே இதற்குக் காரணம் ஆகலாம். ஆயின், அப்பேச்சுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது தொல்காப்பியர் முதற்பொருள் எனக் கூறும் நிலம், பொழுது ஆகிய இரண்டையும் பற்றி எழுவது. வடவார்க்காட்டுப் பாலாற்று வெளியை நிலமாகவும், அந்நிலத்தில் தோன்றிய டாக்டர் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' என்னும் புதினத்தைச் சான்றாகவும் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

உடன்பயின்றோரைக் குறிக்க நம் உரைமரபில் வழங்கும் தொடர் 'ஒருசாலை மாணாக்கர்' என்பது. தொல்காப்பியர்க்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் அவர்க்கு ஒருசாலை மாணாக்கர் என்பர். நூலுக்குப் பாயிரம் உரைத்தற்கு உரியார் நால்வர் என்று வகுத்த நன்னூலாரும், ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரோடு உடன் கற்றானையும் சேர்த்து எண்ணினார். நூல் செய்தான் தன்னைத் தானே புகழ்தல் தகாது. அவனை அறிந்த பிறர் ஒருவர் கூறுதல் வேண்டும். ஆசிரியன் மேலிருந்து அறிவான். மாணாக்கன் கீழிருந்து அறிவான். உரைகாரன் நூல் வழியே அறிவான். ஒத்த நிலையில் உடனிருந்து அறிந்தவன் உடன்கற்றான் ஒருவனே. அவன் சான்றுக்கு நம் முன்னோர் தந்த மதிப்பு இது. பனம்பாரனார் தம் பாயிரத்தை எங்கே தொடங்குகிறார் என்பதும் நோக்கற்பாலது. நூலாசிரியர் பெருமையில் அன்று. வடவேங்கடம் தென்குமரி என்னும் நில எல்லையில் தொடங்குகிறார். உடன்கற்றான் வாய் திறந்ததும் நிலத்தைச் சொல்கிறான்! (அவ்வேங்கடம் அமைந்த திருப்பதிப் பகுதி 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரையில் வடவார்க்காட்டு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது என்பதை இவ்வட்டார மாணவர் பலர் அறியார்.)

இனி, நட்பின் காரணங்களைக் காண்போம். நட்பதிகாரத்தில் வள்ளுவர், நட்புக்குப் புணர்ச்சியும் பழகுதலும் வேண்டுவதில்லை. ஒத்த உணர்ச்சியே நட்பாம் உரிமையைத் தரும் என்று கூறுமிடத்துப் பரிமேலழகர் நட்பின் காரணம் மூன்று எனப் பகுத்துரைப்பர். புணர்ச்சி என்பதற்கு அவர் கொள்ளும் பொருள், ஒரு தேயத்தாராதல். பழகுதலாவது பலகால் கண்டும் சொல்லாடியும் மருவுதல். மூன்றாவது உணர்ச்சி ஒத்தல். முதல் இரண்டும் இன்றி மூன்றாவது ஒன்றாலேயே அமைந்த நட்புக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். உறையூரில் இருந்த சோழனும் பாண்டி நாட்டுப் பிசிரில் இருந்த புலவரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். வடக்கிருந்த சோழன் பக்கத்தில் புலவர்க்கு இடம் விடப்பட்டது. அவரும் வந்து சேர்ந்தார். இந்நட்பை நாம் வியந்து போற்றுகிறோம், பாடத்தில் வைக்கிறோம், தேர்வில் வினாவாகக் கேட்கிறோம். அந்த வியப்பினால் மற்றொரு வகை நட்பு மறைந்து போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது.

அது பிசிராந்தையார் நட்புக்கு நேர் மறுதலையானது. ஒருசாலை மாணாக்கரிடத்து ஒரு தேயத்தாராதலும் பழகுதலும் தாமே அமைந்து விடுகின்றன. அவை அவர்கள் தேர்ந்து கொண்டவை அல்ல. ஊரும் பள்ளியும் தந்தவை. உணர்ச்சி ஒத்தல் மட்டும் அமையலாம், அமையாது ஒழியலாம்; இளமையில் அமைந்து முதுமையில் தேய்தலும் உண்டு. தேய்ந்த பிறகும் அவ்வுறவு நிற்பது எதனால்? வள்ளுவர் நட்பாராய்தலை அடுத்து வைத்த 'பழைமை' என்னும் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. நெடுநாட் பழகியோர் உரிமையால் செய்வனவற்றைப் பிழை எனக் கொள்ளாது ஏற்றலே அவ்வதிகாரப் பொருள். ஆராய்ந்து நட்பு கொள்க என்று ஓர் அதிகாரம் முழுதும் வற்புறுத்தியவர், அடுத்த அதிகாரத்திலேயே, பழகியபின் ஆராயாது பொறுக்க என்கிறார். இது முரண் அன்று. இளமையில் ஆராயும் அறிவு வருமுன்னரே அமைந்துவிட்ட நட்புக்குப் பழைமை ஒன்றே காவல்.

'அகல் விளக்கு' (1958) இதற்கு ஏற்ற சான்று. 1961இல் சாகித்திய அக்காதெமியின் பரிசு பெற்ற அப்புதினம், வாலாசாப்பேட்டைப் பள்ளியில் உடன்பயின்ற வேலய்யன், சந்திரன் என்னும் இருவரின் கதை. வேலய்யன் வாய்மொழியாக நடப்பது. சந்திரன் அழகும் கூர்மதியும் உடையவன். பேரொளியாகச் சுடர்விட்டு, நெறி தவறி, இறுதியில் தொழுநோயுற்று மாய்கிறான். வேலய்யன் அகல் விளக்குப் போல் அமைந்து எரிபவன். இவ்விருவர்க்கும் உணர்ச்சி ஒத்தது என்று கூற இயலாது. ஆயினும் வேலய்யன் நண்பனைக் கைவிட்டானல்லன். திறனாய்வாளர் பலர் இதனை ஒழுக்க நூல் எனக் கொண்டு, இருவரையும் நிறுத்தி எடை போட்டு, நல்லவன் வாழ்ந்தான், கெட்டவன் வீழ்ந்தான் என்று முடித்து விடுகின்றனர். மு.வ. அறிவுரை கூறும் இயல்பினர் என்பது உண்மையே. அவர் கதைகளில் அறிவுரை மிகும் இடங்கள் உள என்பதையும் மறுக்க வேண்டுவதில்லை. ஆனால், இக்கதையை எடுத்து நிறுத்துவது அறிவுரை அன்று. தகுதியிழந்த நண்பனையும் தன் இளமையின் பகுதியாகவே கருதும் பழைமை உணர்வு. அவனை இழப்பது வேலய்யனுக்குத் தன் பள்ளி நாள்களை இழப்பதாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இப்புதினத்தில் நட்பு இரு மாணவரோடு நிற்பதில்லை. இரு குடும்பங்களுக்கிடையே பரவுகிறது. சிற்றூரிலிருந்து படிப்புக்காகப் பேட்டைக்கு வந்த பிள்ளை, உடன்படிப்பவன் வீட்டுப் பிள்ளையும் ஆகிவிடுகிறான். நண்பனின் தாயை அம்மா என்றும், அவன் அத்தையை அத்தை என்றும் அழைக்கும் வழக்கம் இன்றும் இவ்வட்டாரத்தில் உள்ளது. பழைய மாணாக்கர் கூடினால், 'நீ எப்படி இருக்கிறாய்' என்பதற்கு அடுத்த வினா 'அம்மா எப்படி இருக்கிறார்கள்' என்பதாகவே இருத்தலைக் காணலாம். ஊர்ப்பற்று என நாம் பொதுவாகக் கூறுவது மண்மீது கொண்ட பற்று மட்டும் அன்று. மற்றொருவன் வீட்டுத் திண்ணையில் தனக்கும் இருந்த உரிமையின் நினைவுமாகும்.

மு.வ. (1912–1974) இந்நிலத்தின் பிள்ளை. வாலாசாவை அடுத்த வேலம் அவர் குடும்பத்தாரின் ஊர். கல்வியும் முதற்பணியும் திருப்பத்தூரில். இன்று அவ்வூர்கள் இரு வேறு மாவட்டங்களில் உள்ளன. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. மாவட்டம் பிரிந்தாலும் நிலம் ஒன்றே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றையும் அதன் கிளைகளையும் பற்றி நீளும் இவ்வெளி தோல் தொழிலால் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. மடலேறுவோன் சூடிய ஆவிரையைச் சங்கப் பாட்டில் கற்ற மாணவன், அதன் பட்டையின் மணத்தை டேனரி வாயிலில் உணர்ந்திருப்பான். கருப்பொருள் இரண்டு நூற்றாண்டுக்குள் அல்ல, ஒரு தெருவுக்குள்ளேயே பொருள் மாறிய இடம் இது. 1970களுக்குப் பின் குரோமிய முறை பரவியது. நீரும் நிலமும் கெட்டன. 1996 ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் இவ்வாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஆகவே, இவ்வூர்களின் முதிய மாணாக்கர் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் குடித்ததைப் பேசும்போது, அது வெறும் ஏக்கம் அன்று; ஒரு சான்று.

இந்நிலத்தின் ஒருசாலை மாணாக்கர் தமிழ் மட்டும் பேசுவோர் அல்லர். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியின் பழைய மாணாக்கருள் வீட்டில் உருது பேசுவோர் மிகப் பலர். தோல் வாணிகத்தின் பொருட்டுச் சென்னைப் பெரியமேட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர் அவருள் உளர். அக்கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் பயிற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான், உருதுக் கசல் வடிவத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தது இச்சூழலில் வியப்பன்று.

நிலம் கூறினோம், பொழுதுக்கு வருவோம். பழைய மாணாக்கர் மலர்களில் வரும் நினைவுக் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் ஒரு சொல் என்னை உறுத்துவதுண்டு. ஐப்பசி கார்த்திகை நாள்களை நினைவுகூர்வோர் 'இலையுதிர்காலம்' என்று எழுதுகின்றனர். மேலை நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் இலை உதிர்ப்பன. அங்கிருந்து மொழிபெயர்ப்பின் வழியே வந்த சொல் இது. ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் மரங்கள் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். அஃதாவது பின்பனிக் காலத்தில். ஐப்பசியில் அம்மலைகள் பசுமை போர்த்து நிற்கும். வடமொழியாளர் கூறும் சரற்காலமும் ஈண்டுப் பொருந்தாது. மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவம் அது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. இதற்குத் தமிழர் இட்ட பெயர் கூதிர்.

சொல் ஒன்றுதானே, எதனை வழங்கினால் என்ன என்பார்க்கு ஒன்று கூறுவேன். பின்பனியும் வேனிலும் பாலைக்கு உரியவை என்பது தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. கூதிரோ குறிஞ்சிக்கு உரியது. இலையுதிர்காலம் என்று எழுதுவோர் பெயரை மட்டும் மாற்றவில்லை. திணையையே மாற்றி விடுகின்றனர். உதிர்வும் வெறுமையும் அச்சொல்லோடு வருகின்றன. கூடலும் ஒடுங்கியிருத்தலும் போய்விடுகின்றன. (குறிஞ்சிக்கு உரிய புணர்தலும் பரிமேலழகர் கூறும் புணர்ச்சியும் ஒன்றல்ல, அவற்றை ஒன்றாக்கி எழுதும் மாணவரை அடிக்கடி திருத்த நேர்கிறது.)

கூதிரின் இயல்பை முழுதாகக் காட்டுவது நெடுநல்வாடை. ஆயர் வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்வதும், குளிரால் விலங்கும் பறவையும் ஒடுங்குவதும், வீட்டில் உள்ளோர் தீக்காய்வதும், பயன்படாத விசிறியில் சிலந்தி கூடு கட்டுவதும் அதில் வருகின்றன. அரசி அரண்மனையில் வருந்துகிறாள். அரசன் பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். அவ்வரசனும் வீடு திரும்பவில்லை. ஆனால் தன்னோடு உடனிருந்தாரைக் காண்கிறான். கூதிர் மனிதரை உள்ளே அடைத்து ஒருவர்க்கொருவர் அருகே இருத்தும் பருவம். பள்ளி நினைவுகளுள் நனைந்த புத்தகமும், ஒரு குடையின் கீழ் இருவர் நடந்ததும், ஆறு வந்துவிட்டதால் நண்பன் வீட்டில் தங்கிய இரவும் மிகுதியாக வருவதன் காரணம் இதுவே.

'ஆறு வந்தது' என்பது இவ்வட்டாரத்துக்கே உரிய பேச்சு. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாறு மழைக்காலத்தில் வந்தால் வரும். கருநாடகத்து மேட்டுநிலத்தில் பெய்யும் மழையைப் பொறுத்தது அது. 1903 நவம்பரில் மேல்நிலத்து ஏரிகள் உடைந்து பெருகிய வெள்ளம் வாணியம்பாடியில் ஏறத்தாழ 200 பேரைக் கொண்டது. 2021 நவம்பரிலும் ஆறு இரு கரையும் நிறைந்து ஓடியது. அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தரும் பொழுது இது. ஆண்டு எண் நினைவில் நில்லாத முதியோர், 'ஆறு வந்த வருடம்' என்று வகுப்பைக் குறிப்பிடக் கேட்டிருக்கிறேன்.

கூதிரின் இறுதியில் வருவது கார்த்திகை விளக்கீடு. அகநானூற்று 141ஆம் பாட்டில் நக்கீரர், மழை நீங்கிய வானில் நிறைமதி ஆறுமீனைச் சேரும் இரவில் மூதூர்த் தெருவில் விளக்கேற்றி எடுக்கும் விழாவைக் கூறி, அதனை நம்மோடு கூடிக் கொண்டாடப் பிரிந்தவர் வருவாராக எனத் தலைவி விரும்புவதாக அமைத்தார். பாட்டு பாலைத் திணை, பொழுது கூதிர். பிரிந்தார் வீடு திரும்ப வேண்டும் என்னும் வேட்கை, உதிரும் இலையை அன்று, ஏற்றி வைத்த விளக்கைப் பற்றி எழுகிறது. மு.வ. தம் புதினத்துக்கு அகல் விளக்கு எனப் பெயரிட்டபோது இதனைக் கருதினாரோ, அறியோம். சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்து 1948இல் டாக்டர் பட்டம் பெற்றவர்க்கு அப்பாட்டு தெரியாததன்று.

முதுகலை மாணவர்க்கு ஒரு பணி இங்கே காத்திருக்கிறது. பாலாற்றுக் கரையில் 1970க்கு முன் பள்ளி பயின்றோர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர்தம் கூட்டங்களுக்குச் சென்று, தமிழாயினும் உருதாயினும், அவர் சொல்லுமாறே நினைவுகளை எழுதிக் கொள்ளலாம். ஒவ்வொரு நினைவுக்கும் இடத்தையும் மாதத்தையும் தவறாது கேட்டுக் குறித்தல் வேண்டும். எந்தக் கிணறு, எந்தத் துறை, எந்த டேனரிக்குப் பின்புறம் என்பன போன்ற சிறு குறிப்புகளையும் விடலாகாது. இருவர் ஒரே நிகழ்ச்சியை வேறுபடக் கூறின், ஒன்றைத் திருத்தாமல் இரண்டையும் பதிந்து கொள்க.