இடைக்கழிநாட்டுப் புலவர் சொன்ன வழி

வெளியூர் சென்று திரும்பியவர்களிடம், "பயணம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். கோபுரத்தையும் கடைத்தெருவையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள். முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்ட கதையைத்தான் நெடுநேரம் சொல்வார்கள். அப்படிப்பட்ட பயணி ஒருவனின் நன்றியுரை சங்க இலக்கியத்தில் இருக்கிறது. அதைப் பாடியவர் நமக்கு அயலார் அல்லர். நமது செய்யூர் வட்டத்தில், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பது அவர் பெயர். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கச் சென்ற தோழியர் அவருடைய மண்ணை மிதித்திருக்கிறார்கள்!

அவர் பாடிய நூல், பத்துப்பாட்டில் மூன்றாவதாகிய சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடிகள். 'ஆறு' என்றால் வழி. வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வாடிய முகத்தோடு வரும் மற்றொரு பாணனை நிறுத்தி, 'இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது உண்ணக் கிடைக்கும்' என்று சொல்வதே ஆற்றுப்படை. நல்ல இடம் ஒன்று தெரிந்தால் நாம் பிறருக்குச் சொல்லத் தயங்குகிறோம். இவனோ வழியில் நின்று சொல்கிறான்.

ஏன் சொல்கிறான்? அவனுக்குப் பசி தெரியும். பரிசு பெறுவதற்கு முன் தன் வீடு இருந்த நிலையை அவன் மறைக்கவில்லை. அடுக்களைக் கூரை சரிந்து, சுவரில் கறையான் ஏறி, காளான் பூத்துக் கிடந்தது. கண் திறவாத குட்டிகள் பால் குடிக்க, பாலில்லாத தாய்நாய் வலி பொறுக்காமல் குரைத்தது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேக வைத்தாள். அதை உண்பதை அயலார் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்டார்கள். இவ்விடத்தை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டியபோது பாட்டி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உப்பில்லாமல் தின்பது வேறு, கதவைச் சாத்திக்கொண்டு தின்பது வேறு" என்றார்கள்.

இனி அவன் காட்டும் வழி. இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி அன்று ஓய்மாநாடு எனப்பட்டது. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனிடம் போகும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். மரக்காணத்துப் பக்கம் இருந்தது என்பர் அறிஞர். ஒட்டகம் படுத்து உறங்குவது போல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்களை விறகாக்கி, நுளையர் வீட்டுப் பெண் அடுப்பு மூட்டுகிறாள். பாணர்களுக்குச் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கிறது. கூடவே தேறலும் தருகிறார்கள்! (ஆசிரியைகள் பொறுத்தருள்க, பாட்டில் உள்ளதை மறைக்கலாமா?) அடுத்தது வேலூர். இது கோட்டையுள்ள வேலூர் அன்று. திண்டிவனத்துப் பக்கத்து ஊர். அங்கே வெயிலில் காயும் குடிசைகளில் வாழும் வேட்டுவப் பெண்கள், சூடான புளிச்சோற்றோடு காட்டுப்பசுவின் இறைச்சியைத் தருகிறார்கள்.

மூன்றாவது ஊராகிய ஆமூரில் உழவர் வீடு. உலக்கையின் இரும்புப் பூண் தேயும்வரை குத்திய அரிசியின் வெண்சோறு, நண்டுக் கறி. அந்த வீட்டுப் பெண் பாணர்களைப் போகவிடாமல் தன் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அனுப்பித் தடுக்கிறாள். "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று நம் தெருவில் விருந்தாளியின் பையைப் பிடித்து இழுக்கும் வாண்டுகள் நினைவுக்கு வரவில்லையா? எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இம்மூன்று வீட்டிலும் யாரும் விருந்தினருக்கென்று தனியாக எதையும் தேடி ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். கடற்கரையில் மீன், காட்டில் இறைச்சி, வயற்புறத்தில் சோறும் நண்டும். தாங்கள் உண்பதையே தந்தார்கள்.

நல்லியக்கோடன் பெரிய வள்ளல். பாரி, பேகன் முதலிய வள்ளல்கள் எழுவரையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் சுமந்த கொடைப் பாரத்தை இவன் ஒருவனே சுமக்கிறான் என்கிறார் புலவர். அவனுடைய வாயில் பொருநருக்கும் புலவருக்கும் அடைபடுவதே இல்லையாம். புத்தாடை உடுத்தச் செய்து, பொற்கலத்தில் பலவகை உணவு இட்டு, தானே அருகில் நின்று உண்பிப்பான். பரிசுகளோடு வண்டியும் பாகனும் தந்து அன்றே அனுப்பியும் விடுவான். வீட்டில் காத்திருப்பவர்களின் பசி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடியில் இருந்த இப்பாட்டை, பத்துப்பாட்டின் மற்ற ஒன்பதோடும் நச்சினார்க்கினியர் உரையோடும் உ. வே. சாமிநாதையர் 1889இல் அச்சிட்டு வெளியிட்டார். நூல் கையில் கிடைத்தால் 130ஆம் அடியை ஒட்டிப் பாருங்கள். வேளைக்கீரை அங்கேதான் வருகிறது.