விலாவில் வைத்த கை

சித்திரை மாதத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வெள்ளகோவில் பக்கத்து வெயிலில், மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை அது. கிடாரி வாங்க வரும் பெரியவர் கண்ணால் பார்ப்பதோடு நிற்கமாட்டார். ஊர், உறவு என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு கையை அதன் விலாவில் வைப்பார். பிறகு அந்தக் கை முதுகோடு நகர்ந்து வால் தொடங்கும் இடத்தில் அழுத்திப் பார்க்கும். விலைப் பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். அந்தக் கை எதைத் தேடுகிறது என்பது விளங்கிவிட்டால், ஒரு கிடாரியைக் கண்காட்சிக்குத் தயார் செய்வதும் அதைச் சினைப்படுத்துவதும் ஏறக்குறைய விளங்கிவிடும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் போவோம்.

நமக்கு ஐந்தாறு காங்கேயம் மாடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுவில் நாலைந்து வெள்வேல மரங்கள். கொங்கு நாட்டில் மாடு வளர்ந்த முறையே இதுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இந்த மேய்ச்சலை நம்பித்தான் காளைகளைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் காங்கேயத்தை ஒரு சீரான இனமாக நிலைநிறுத்தினார். நம் கூட்டத்தில் ஒரு கிடாரிக் கன்று, அதாவது இன்னும் கன்று போடாத பெண், கொம்பும் நடையும் எடுப்பாக வளர்கிறது. இதைக் கண்காட்சியில் நிறுத்தலாம் என்று தோன்றுகிறது. அடுத்த தலைமுறைக்கும் இதுவே தாயாக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறோம்.

எல்லோரும் தவறுவது இங்கேதான். கண்காட்சி என்றதும் ஊட்டம் என்று நினைக்கிறோம். இரண்டு மாதம் கட்டிப்போட்டு, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் கூட்டிக் கொடுத்தால் கிடாரி உருண்டு திரண்டு வரும். பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். வைக்காமல் விட்டாலோ, "ஏனுங்க, கிடாரி வாடிப்போச்சுங்களே" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல நல்ல கிடாரிகளைக் கெடுத்திருக்கிறோம். உருண்டு வந்தது வளர்ச்சி என்று நம்பிவிடுகிறோம். அதில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பும் வளர்ச்சியும் ஒன்றல்ல என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் மடி. கன்றின் மடி பால் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் வெறும் பை என்றே நினைத்திருப்போம். உண்மையில் அது மிக முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறந்து ஏறக்குறைய மூன்றாவது மாதத்திலிருந்து பருவமடையும் வரை, உடம்பு வளரும் வேகத்தையும் மிஞ்சி மடிக்குள் பால் நாளங்கள் வளர்கின்றன. செம்மண்ணுக்குள் வேர் இறங்குவதுபோல, மடியிலுள்ள கொழுப்பு மெத்தைக்குள் அவை கிளைவிட்டு ஓடுகின்றன. அந்தக் காலத்தில் அளவுக்கு மீறித் தீனி கொடுத்தால் மெத்தை தடிக்கிறது. அதோடு பருவமும் முன்கூட்டியே வந்து, வேர் ஓடக் கிடைத்த காலம் குறுகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மடி பெரிதாகத்தான் தெரியும். உள்ளே பால் சுரக்கும் பகுதி குறைவு. காங்கேயம் ஏற்கெனவே கன்றுக்குப் போக வீட்டுக்கு ஓரிரு லிட்டர்தான் தரும் இனம். அதிலும் குறைந்தால் முதலில் வாடுவது கன்று.

அடுத்தது இடுப்பு. கன்று வெளியே வரும் வழியின் உட்புறச் சுவரிலும் கொழுப்பு படியும். வாசல் அதே அகலந்தான், ஆனால் இருபுறமும் மூட்டை அடுக்கி வைத்ததுபோல ஆகிவிடும். தலைச்சன் ஈற்றுக்கு எப்படியும் சிரமம் அதிகம். அதில் நாமே வழியை அடைத்துவைத்தால், நள்ளிரவில் மருத்துவரைத் தேடி ஓடவேண்டி வரும். சினை பிடிப்பதும் தடுமாறும். பருத்த கிடாரிகள் ஒழுங்காகப் பருவத்துக்கு வந்தும் கரு தங்காமல் மறுபடி மறுபடி காளை தேடுவது தோட்டங்களில் பழகிப்போன வருத்தம்.

அப்படியானால் பட்டினி போடலாமா? கூடவே கூடாது. மாட்டின் உடம்பு ஒரு கவனமான குடும்பத்தலைவி மாதிரி. கையிருப்பு ஒன்றுமே இல்லாவிட்டால் வீட்டில் விசேஷம் வைக்கமாட்டாள். உடம்பில் கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான், "இன்னொரு உயிரைத் தாங்க முடியும்" என்ற தகவல் இரத்தத்தின் வழியாக மூளைக்குப் போகும். அந்தத் தகவல் போகாதவரை சினைமுட்டைப் பை உறங்கும். மெலிந்த கிடாரி மூன்று வயதாகியும் பருவத்துக்கு வராமல் இருப்பது இதனால்தான். பல கிடாரிகளுக்குத் தனி மருந்து இல்லாமலே பசுந்தீவனமும், நாளைக்கு 30 கிராம் தாது உப்பும், ஒழுங்கான குடற்புழு நீக்கமுமே போதுமானதாக இருக்கும்.

இப்போது அந்தப் பெரியவரின் கைக்குத் திரும்புவோம். உங்கள் இடது கையை இறுக்க மூடி, விரல் முட்டிகளின் மேல் வலது விரல்களை ஓட்டிப் பாருங்கள். விலா இப்படித் தட்டுப்பட்டால் கிடாரி மெலிவு. கையை விரித்து, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதையைத் தொடுங்கள். விலா இப்படி இருந்தால் கொழுப்பு மிகை. இனி விரித்த கையைத் திருப்பி, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். எலும்பு தெரிகிறது, குத்தவில்லை. இதுதான் சரியான நிலை. கால்நடை மருத்துவர்கள் இதையே 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகப் போடுவார்கள். நமக்கு வேண்டியது நடுவிலுள்ள 3. வாலின் இருபுறமும் பஞ்சு மூட்டைபோல் புடைத்திருந்தால் 4-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

மினுமினுப்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது கொழுப்பிலிருந்து வருவதில்லை. உண்ணியும் குடற்புழுவும் இல்லாத உடம்பு, தாமிரமும் துத்தநாகமும் குறையாத தாது உப்பு, அகத்தி, வேலிமசால் மாதிரிப் புரதமுள்ள தழை, இவற்றோடு தினமும் தேங்காய் நாரால் மயிர் படிந்த திசையில் ஒரு கால்மணி நேரம் தேய்ப்பு. தேய்க்கும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பு மயிர் நெடுகப் பரவுகிறது. தினம் குளிப்பாட்டினால் அந்த எண்ணெய் போய்விடும். ஆகவே தேய்ப்பு நாள்தோறும், குளிப்பு எப்போதாவது.

நடை இன்னும் முக்கியம். போட்டிக்கு மூன்று மாதம் முன்பே தலைக்கயிறு பழக்கி, காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு மைல் நடத்திவாருங்கள். சதை இறுகும், குளம்பு ஒழுங்காகத் தேயும், அந்நியர் கையும் வண்டிச் சத்தமும் பழகும். கூட்டத்தைக் கண்டு மிரளும் கிடாரி எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் நடுவரிடம் அதைக் காட்ட முடியாது. சுழி பார்ப்பவர்களும் வருவார்கள். சுழியால் விலை ஏறும், இறங்கும். சினை பிடிப்பதற்கும் பாலுக்கும் அதனோடு தொடர்பில்லை. நான் கிடாரியில் பார்ப்பது முதுகின் நேர்மை, பின்னங்கால்களின் இடைவெளி, சதுரமாக அமைந்த நான்கு காம்புகள். இவை மூன்றும் கன்றுக்கும் போய்ச் சேரக்கூடியவை.

எப்போது சினைக்கு விடலாம்? பலர் வயதைச் சொல்வார்கள், சிலர் பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல் போட்டால் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது. அது நல்ல அடையாளந்தான். ஆனாலும் முடிவு எடையில் இருக்கிறது. அந்த வம்சத்துப் பசு முழுசாக வளர்ந்தால் இருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியபின் சினைப்படுத்துவது நல்லது. தாய் 350 கிலோ என்றால் மகள் 230 கிலோ வரட்டும். பருவம் அதற்கு முன்பே வந்துவிடும். முதல் பருவத்திலேயே காளைக்கு விட்டால், இன்னும் வளர்ந்து முடியாத எலும்பும் உள்ளே வளரும் கன்றும் ஒரே தட்டில் சாப்பிட நேரும். இரண்டுக்கும் குறை விழும்.

எடைமேடை இல்லையே என்றால் தையற்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள்முனையிலிருந்து பின்புற இருப்பெலும்பு வரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 56, நீளம் 48 என்றால் ஏறக்குறைய 228 கிலோ. மாதம் ஒருமுறை எடையோடு உயரத்தையும் அளந்து எழுதிவைத்தால், கிடாரி வளர்கிறதா, பருக்கிறதா என்பதும் தெரியும். எடை ஏறியும் உயரம் ஏறாவிட்டால் அது கொழுப்புதான்.

இனிப் பருவம். ஏறக்குறைய 21 நாளைக்கு ஒருமுறை வரும். நம் நாட்டு மாடுகளில் அது குறுகிய நேரமே நீடிக்கும், பெரும்பாலும் இரவில் வந்து சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே இரவு படுக்குமுன் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். அடுத்த மாட்டின் மேல் தாவுவதே பருவத்தில் இருப்பது என்று நினைப்போம். தன்மேல் இன்னொன்று தாவும்போது நகராமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். கூடவே முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தெளிந்த கோழை வாலில் ஒட்டியிருக்கும்.

பார்த்த உடனே ஊசிக்கு ஓடவேண்டியதில்லை. சினைமுட்டை, பருவம் அடங்கியபின் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வெளிவரும். வந்தபின் சில மணி நேரந்தான் உயிர்ப்போடு இருக்கும். விந்தணுவோ உள்ளே போய்ச் சில மணி நேரம் பக்குவப்பட்டால்தான் கருவூட்டும் தகுதி பெறும். விருந்தாளி வருமுன் மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், ஆனால் முந்தின நாளே வந்து காத்துச் சலித்துவிடவும் கூடாது. காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

எந்தக் காளை என்பதில் சிறு கூட்டத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஐந்தாறு மாடுகளுக்கு ஒரே பூச்சிக்காளை, அதாவது இனவிருத்திக்கு வைத்த காளை. இரண்டரை வருடத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு உயிரும் ஒரு குறிப்பேட்டை இரண்டு பிரதியாகச் சுமக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்றில் ஏதாவது பக்கம் கிழிந்திருந்தால் மற்றதைப் பார்த்து உடம்பு சமாளித்துக்கொள்ளும். தகப்பனோடு மகளைச் சேர்த்தால், பிறக்கும் கன்றின் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் இரண்டும் ஒரே மூலத்தின் நகலாக இருக்க நூற்றுக்கு 25 வாய்ப்பு. ஒரே தகப்பனுக்கு வேறு தாய்களிடம் பிறந்தவற்றைச் சேர்த்தாலும் 12.5. அப்படி அமைந்தால், கிழிந்த பக்கம் இரண்டிலும் கிழிந்தே வரும். கன்றுகள் சிறுத்துப் பிறப்பதும், சினை நழுவுவதும் அப்போது கூடும். விதையை வேற்றூரிலிருந்து மாற்றி வாங்கும் நம் விவசாயிகளுக்கு இது புதிய விஷயமில்லை. காளையை மாற்றுங்கள், அல்லது வேறு வம்சத்துக் காங்கேயம் காளையின் உறைவிந்தைக் கேட்டு வாங்குங்கள். பால் ஆசையில் பெரிய உடம்புள்ள சீமை இனத்தின் ஊசியைத் தலைச்சன் கிடாரிக்குப் போடாதீர்கள். கன்று பெரிதாகும், வழி சிறிது.

கடைசியாக நாட்காட்டி. கரு உண்டான 16, 17-ஆம் நாளில், "நான் இருக்கிறேன், அடுத்த சுற்றைத் தொடங்காதே" என்று அது தாயின் கருப்பைக்கு ஒரு சேதி அனுப்புகிறது. கருப்பையோடு அது நன்றாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரத்தில் லாரியில் ஏற்றி, வெயிலில் நிறுத்தி, கூட்டத்தில் சுற்றினால் சேதி தடுமாறலாம். ஆகவே கண்காட்சியை முடித்துவிட்டுச் சினைப்படுத்துவதே என் விருப்பம். போவதற்கு மூன்று வாரம் முன்பே கோமாரித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் மூன்று வாரம் தனிக் கொட்டகை. பரிசோடு நோயும் கூட வரக்கூடிய இடம் அது.

பிறகு ஒன்பது மாதம் பத்து நாளையொட்டி ஒரு விடியலில், தாயைப்போல மயிலையாக அல்லாமல் செம்பழுப்பாக ஒரு கன்று ஈரத்தோடு கிடக்கும். பார்த்துத் திகைக்க வேண்டாம், காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது அந்த நிறந்தான், ஆறேழு மாதத்தில் மாறிவிடும். சீம்பாலை அரைமணி நேரத்துக்குள் குடிக்கவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எடைகளை எழுதிவைத்த அதே நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்புங்கள். கிடாரியா காளையா என்பதைக் கீழே எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில் தகப்பன் எந்தக் காளை என்பதை எழுதுங்கள்.