எட்டு முறை தோற்றால் லுய்கி வருவார்

விடுமுறையில் தம்பியின் பழைய ‘வீ’ கருவியில் ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ விளையாடினேன். ஒரே நிலையில் எட்டு முறை உயிரிழந்ததும், ஆச்சரியக்குறியுடன் ஒரு பச்சைப் பெட்டி தோன்றியது.

“அக்கா, அதைத் தட்டாதே! தோத்துட்டோம்னு ஆயிடும்,” என்றான் தம்பி.

நிண்டெண்டோ 2009ல் வெளியிட்ட இந்த விளையாட்டில், தனியாக விளையாடித் திணறுவோருக்கான ஏற்பாடு அது. பெயர் ‘சூப்பர் கைடு’. பெட்டியைத் தட்டினால் மாரியோவின் தம்பி லுய்கி வந்து அந்த நிலையை விளையாடிக் காட்டுவார். ஆனால், நட்சத்திர நாணயங்களை நமக்காகச் சேர்க்கமாட்டார். ரகசிய வழிகளையும் காட்டமாட்டார். நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை நம் கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டி ஒருமுறைகூடத் தோன்றாமல் விளையாடுவோரின் கணக்கில் நட்சத்திரங்கள் மின்னும். அதாவது, பெட்டி வந்ததுமே அந்த மினுமினுப்பு போய்விடுகிறது. தட்டாமல் வீம்பு பிடிப்பதால் எதுவும் மிஞ்சுவதில்லை.

பல்கலைக்கழக முதலாண்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். புள்ளியியல் தேர்வில் தோற்ற பிறகும் விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்க வெட்கப்பட்டேன். மதிப்பெண் போனது போனதுதான். பாடமும் புரியாமல் ஒரு பருவம் கழிந்தது. பிறகு போய்க் கேட்டபோது, அவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததை என்னிடமே கொடுத்தார்.

அன்று பெட்டியைத் தட்டினேன். சிக்கலான பள்ளத்தை லுய்கி தாண்டும் விதத்தைப் பார்த்துக்கொண்டேன். மீதியை நானே விளையாடி முடித்தேன்.