எல்லைக் கிராமங்களில் நோயாளிக் கல்வி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகின்றது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆனால் உறவும் சந்தையும் மருத்துவமும் எல்லைக் கோட்டிற்குக் கட்டுப்படுவதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் பாறசாலை அரசு மருத்துவமனைக்கும், மற்றொருவர் குழித்துறைக்கும் செல்வது இங்கு இயல்பு. இருவருமே பெரும்பாலும் நாடிச் செல்வது இரண்டு நோய்களுக்காக: நீரிழிவு, இரத்த அழுத்தம்.

இவை மருத்துவமனையில் குணமாக்கி அனுப்பப்படும் நோய்கள் அல்ல. மருத்துவர் நோயாளியுடன் செலவிடும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சிய நாட்களெல்லாம் நோயாளியே தமக்குச் செவிலியராக இருத்தல் வேண்டும். அதனைக் கற்பிப்பது செவிலியரின் கடமைகளுள் மருந்து கொடுப்பதற்குச் சற்றும் குறையாதது.

கற்பித்தலில் முதலாவது இடர் சொல்லிலேயே எழுகின்றது. நீரிழிவை மலையாளத்தில் ‘பிரமேஹம்’ என்பர். தமிழிலோ ‘மேகம்’ என்னும் பழைய மருத்துவச் சொல் பால்வினை நோய்களையும் குறிக்கும். தமக்குப் ‘பிரமேகம்’ என்று கேட்ட தமிழ் முதியவர் வெட்கமுற்று நோயை வீட்டில் மறைத்துவிடக்கூடும். ‘அவசரம்’ என்பது தமிழில் உடனடித் தேவை; மலையாளத்தில் வாய்ப்பு. மார்வலி கண்டவரிடம் பேசும்போது இவ்வேறுபாடு சிறியதன்று. ஆதலின் நோயாளி தலையசைத்ததைக் கொண்டு புரிந்துகொண்டார் என முடிவு செய்யாமல், கேட்டதைத் தம் சொற்களில் திரும்பச் சொல்லுமாறு கேட்பதே தக்க முறையாகும்.

எல்லைப் பகுதிக்கே உரிய மற்றோர் ஆபத்து இரட்டை மருந்து. ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் விற்கப்படுகின்றது. கேரளத்து மருத்துவமனையில் கிளிமெபிரைடு மாத்திரை பெறுபவர், சில வாரங்கள் மகளின் வீட்டில் தங்கும்போது தமிழ்நாட்டு மருத்துவமனையில் வேறு பெயரில் அதே மாத்திரையைப் பெற்று, இரண்டையும் விழுங்க நேரிடலாம். அதன் விளைவு இரத்தச் சர்க்கரையின் கடும் வீழ்ச்சி: வியர்வை, நடுக்கம், படபடப்பு, பின்னர் பேச்சுக் குழறலும் மயக்கமும். குழறிப் பேசும் முதியவரைக் குடித்திருக்கிறார் என எண்ணிப் படுக்க வைத்துவிட்டால் உயிருக்கே ஊறு நேரும். நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். 15 நிமிடங்களில் தெளிவு ஏற்படாவிடில் மீண்டும் கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. இவ்வகை மாத்திரையால் வந்த வீழ்ச்சி சர்க்கரை நீரால் தணிந்தபின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடுமாதலால், தெளிந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் அவசியம். இதனைக் கற்பிக்க வேண்டியது நோயாளிக்கு அன்று, வீட்டாருக்கு.

இன்சுலின் போடுவோரிடம் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது ஊசிக்குழலின் மூடியை. இந்நாட்டில் குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வலிமையுள்ளது. அதற்குச் சிவப்பு மூடி உடைய குழல். 100 யூனிட் வலிமைக்கு ஆரஞ்சு மூடி. 40க்குரிய குழலில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். மாறி நிகழ்ந்தால் மருந்து போதாமல் போகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், பயன்பாட்டிலுள்ள குப்பியை, ஈரமணல் இட்ட பானையினுள் வைத்த சிறு பானையில் பாதுகாக்கலாம். வெயில் படும் சன்னல் ஓரமும் அடுப்பங்கரையும் ஆகா.

பாலராமபுரத்தில் நெசவாளர் குழித்தறியில் கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டையை மிதித்து நெய்கின்றனர். இரப்பர்த் தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலுடன் உழைப்போர் பலர். நீரிழிவு நரம்பின் உணர்வை மங்கச் செய்வதால் முள்ளோ ஆணியோ தைத்தது தெரியாமலேயே புண் அழுகத் தொடங்கும். கால் விரலை, சில வேளை காலையே அகற்ற நேர்கின்றது. நாள்தோறும் இரவில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தல் என்னும் ஐந்து நிமிடப் பழக்கம் இதனைப் பெரிதும் தடுக்கவல்லது. வெந்நீர் ஒற்றடமும், ஆணிக்காலைப் பிளேடால் சீவுதலும் கூடா. செவிலியர் நோயாளியின் காலைத் தம் கையால் தொட்டுப் பார்த்துக் காட்டினாலன்றி இப்பாடம் மனத்தில் பதிவதில்லை.

உணவைப் பற்றிய அறிவுரை இங்குப் பெரும்பாலும் பயனற்றுப் போவதற்குக் காரணம், அது வேறு ஊர்ச் சமையலை எண்ணிச் சொல்லப்படுவதே. ‘அரிசியைக் குறையுங்கள்’ என்றால் இப்பகுதியினர் மரச்சீனிக் கிழங்கிற்கு மாறுவர்; அதுவும் மாவுச்சத்தே. கிழங்கின் அளவைக் குறைத்து மீனையும் பயற்றையும் கூட்டச் சொல்வது நடைமுறைக்கு உகந்தது. இரத்த அழுத்தமுடையோர்க்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவில், இருத்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாடு, பப்படம், ஊறுகாய் ஆகியவை சேர்ந்தால் கறியில் இடும் உப்பைக் கணக்கெடுப்பதில் பயனில்லை.

இரத்த அழுத்தம் வலி தருவதில்லை. ஆகையால்தான் மாத்திரை நிறுத்தப்படுகின்றது. அளவு 140/90க்குக் கீழே வந்ததும் நோய் நீங்கிற்று என எண்ணுவோர் பலர். அளவு இறங்கியது மாத்திரையினால் என்பதை ஒவ்வொரு வருகையிலும் சொல்ல வேண்டியுள்ளது.

கேரளம் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தத் தொடங்கிற்று; தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்க முனைந்தது. இரண்டும் நல்ல திட்டங்களே. எனினும் எல்லையைக் கடக்கும் நோயாளியுடன் சேர்ந்து கடப்பது அவர் கையிலுள்ள குறிப்பேடு ஒன்றுதான். மருந்தின் மூலப்பெயரும் அளவும் அதில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதப்படின் இருபுறத்துச் செவிலியர்க்கும் பயன்படும். எழுத்தறியாதவருக்கு மாத்திரை உறையின்மேல் காலைக்குச் சூரியனும் இரவிற்குப் பிறையும் வரைந்து, பழைய உறைகள் அனைத்தையும் அடுத்த வருகையின்போது பையுடன் கொண்டுவரச் சொல்லுதல் வேண்டும்.