பரண்மேல் கம்ப்யூட்டர் கேசட்!

ரப்பரைப் பற்றிக் குமரி மாவட்டத்தாருக்குச் சொல்லித் தரவேண்டுமா? அந்த ரப்பர்தான் பழைய கம்ப்யூட்டருக்கு எமன்!

1982-ல் வந்த 'ஸ்பெக்ட்ரம்', 'கமோடோர் 64' ஆகிய வீட்டுக் கம்ப்யூட்டர்கள், பாட்டுக் கேசட்டிலேயே கணக்கையும் விளையாட்டையும் ஒலியாகப் பதிந்து வைத்தன. ஒரு விளையாட்டை ஏற்றச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும்!

அப்படி ஒரு கேசட் பெட்டி உங்கள் பரணில் இருக்கிறதா? உடனே ஓடவிடாதீர்கள்! உள்ளே ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கலாம். நாடா சிக்கி அறுந்தால் பதிவு போய்விடும்.

பிசினைத் துடைத்துப் புது பெல்ட் மாட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். ஹெட் சாய்ந்திருந்தால் அதன் பக்கத்து ஸ்குரூவை மெல்லத் திருப்புங்கள், ஒலி தெளியும். பிறகு முதல் வேலையாக நகல் எடுங்கள்.

பெல்ட் போனால் வேறு வாங்கலாம். பையன் அன்று எழுதிய புரோகிராமை எந்தக் கடையில் வாங்குவது?