பெயர்களை எண்ணியவர்கள்
காவிரிக்கரை ஏடுகள் – 9

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஓர் அதிகாரி வருவார். பெயர், பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவர், நாயன்மார்களுக்குச் செப்புத் திருமேனி எடுப்பித்தவர். படிக்கும்போதே மூச்சு வாங்கும் இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பொய்கை நாடு இவருடைய வட்டாரம். கிழவன் என்றால் அங்கே உரிமை உடையவர். ஆதித்தன் தகப்பனார், சூரியன் இவர். தென்னவன் மூவேந்தவேளான், அரசன் கொடுத்த பட்டம். ஒரு மனிதரின் மண், குடும்பம், பதவி எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன.

இப்படி ஆயிரக்கணக்கான பெயர்களைப் பிரித்துக் கட்டம் கட்டமாக எழுதினால் என்ன தெரியவரும்? 1970களிலேயே மூன்று பேர் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டு படித்தவர். மற்ற இருவர் ஒய். சுப்பராயலு, தோரு மட்சுயி.

கராஷிமாவின் முதல் பெரிய கட்டுரை 1966இல் வந்தது. திருச்சிக்கு அருகே காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் வைத்துச் சோழர் கால நிலவுரிமையை ஆராய்ந்த கட்டுரை அது. இரண்டு ஊர் என்றால் கையாலேயே குறிப்பெடுத்துவிடலாம். சோழமண்டலம் முழுவதற்கும் அது நடக்காது. அதனால் அச்சில் வந்த கல்வெட்டுகளின் பெயர்களை எல்லாம் ரோமன் எழுத்தில் மாற்றிக் கணினியில் ஏற்றினார்கள். 1978இல் மூன்று தொகுதிகளாகச் சோழர் கல்வெட்டுப் பெயரடைவு வெளிவந்தது. கணினியில் பிறந்த அந்த நூலை வெளியிட்டது மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை. காந்திய நூல்களுக்குப் பெயர்போன இடம்!

எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. மூவேந்தவேளான் பட்டம் 985க்கும் 1070க்கும் இடையில், அதாவது ராஜராஜனும் ராஜேந்திரனும் ஆண்ட காலத்தை ஒட்டி, ஏராளமாக வருகிறது, பிறகு குறைந்துபோகிறது. ஊர்களில் நிலம் வைத்திருந்தவர்களை அரசு தன் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொண்ட கதை இது. எந்தத் தனிக் கல்வெட்டும் இதைச் சொல்லாது.

சுப்பராயலு பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் பணியாற்றினார். அவர் பதிப்பித்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002, 2003 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. பிறகு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று வரைபடப் பணி. பெயரடைவு, அகராதி, வரைபடம் மூன்றுமே அடுத்தவர் ஆராய்ச்சிக்கான கருவிகள். இப்படி ஒரு கருவிக்காகப் பல ஆண்டுகள் உட்காருகிறவருக்கு நம் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண் குறைவு. நாலு கட்டுரை எழுதியவர் முந்திக்கொள்வார்.

இத்தகைய கருவிகள் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதில்தான் நூலகங்களின் பங்கு வருகிறது. அந்தக் காலத் துளை அட்டையையும் காந்த நாடாவையும் படிக்க இன்று இயந்திரம் தேட வேண்டும். அச்சான அடைவையோ எந்த மாணவரும் புரட்டலாம், அதை ஒரு நூலகம் வாங்கி வைத்திருந்தால். இன்றைய ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் ஏறுகின்றன, நல்லது. ஆனால் ஆய்வாளர் வியர்வை சிந்திச் சேர்த்த பின்னிணைப்பு அட்டவணையும் பெரும்பாலும் பிடிஎஃப் பக்கமாகவே கிடக்கிறது. அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். அட்டவணையை எக்செல் கோப்பாகவே வாங்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வாங்கி வைப்பதை நூலகர் தன் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் அவருக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தரவையும் இப்படித் திறந்து வைத்துவிட முடியாது. கல்வெட்டுப் பெயர்களை மறைக்க வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தரவு வேறு சமாச்சாரம். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தில் ஆய்வு செய்த ஊரை ‘ஸ்ரீபுரம்’ என்ற புனைபெயரில் எழுதினார். பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரோ தாம் ஆய்வு செய்த ஊருக்கு 1918இல் பாலக்குறிச்சி என்ற நிஜப் பெயரையே அச்சிட்டார். அதனால்தான் 1937இல் இன்னொரு குழு அதே ஊருக்கு மறு ஆய்வுக்குப் போக முடிந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)