ஊசி கழுத்தில்தான்

நகரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கோமாரி ஊசி போட வந்த டாக்டர், எருமை முட்ட வந்தும் விடாமல் கழுத்தில்தான் போட்டார். தொடையில் போட்டால் ஆகாதா?"

கோமாரி என்ன பாடு படுத்தும் என்று சித்தூர், திருப்பதிப் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி இலவசம் என்பதும் தெரிந்ததே. எனக்குப் பிடித்த சங்கதி, அந்த மருந்தில் இருக்கும் எண்ணெய்.

செயலிழக்க வைத்த வைரஸை எண்ணெயோடு கலந்துதான் இந்தத் தடுப்பூசியைச் செய்கிறார்கள். என் பாட்டி வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மத்தியானம் முழுக்கச் சாறு இறக்குவார். எண்ணெயும் அப்படித்தான், மருந்தைத் தசைக்குள் அடக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். உடம்பு அதை எதிர்த்துப் பழகும். அந்தச் சண்டையில்தான் ஊசி போட்ட இடம் வீங்குகிறது. சில மாடுகளில் வீக்கம் வற்றிய பிறகும் உள்ளே வடு தங்கிவிடும். அழுக்கு நீடில் என்றால் சீழ்க்கட்டியே வரும்.

எந்த ஊசியானாலும் தசைக்குக் காயம்தான். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், கன்றுக்குப் போட்ட ஊசியின் வடு அது வளர்ந்து கறியான பிறகும் இருந்தது. சுற்றிலும் 3 அங்குலம் வரை இறைச்சி கடினப்பட்டிருந்தது. 2017 ஜூனில் பிரேசிலின் மாட்டிறைச்சியை அமெரிக்கா நிறுத்திவைத்தபோது, கறியில் கண்ட கட்டிகளுக்குக் கோமாரி ஊசியைக் கைகாட்டியது பிரேசில் அரசு. பின்பு 5 மில்லி மருந்தை 2 மில்லியாகக் குறைத்தார்கள்.

நாம் பாலுக்குத்தானே வளர்க்கிறோம் என்பீர்கள். ஆந்திராவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி பசுவை வெட்டக்கூடாது. ஆனால் பால் வற்றிய எருமை எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல கறி தொடையில், கழுத்துக்கறி மலிவு. தொடையில் சாணி அப்பியிருக்கும், உள்ளே பெரிய நரம்பும் ஓடுகிறது. அங்கே குத்தியவர் அன்றே மறந்துவிடுவார். கட்டியைப் பார்ப்பவர் கசாப்புக்காரர்.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சொல்லித்தர ஆளில்லாமல் இல்லை. ஆனாலும் ஒரே நீடிலை மழுங்கும்வரை தெரு முழுக்கக் குத்துகிறவர்கள் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தை உறையவிட்டு வீணாக்குகிறவர்களும் உண்டு. இலவசம் என்றால் எப்படிப் போட்டாலும் சரி என்று நாமும் வாய்மூடி நிற்கிறோம். மாட்டுக்கு ஒரு நீடில் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.